போற வழிதானே

சுவிஸ் மலைநாட்டின் பழைய தேவாலயங்களையும் அருங்காட்சியகங்களையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று அந்த மனுசன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதெல்லாம் ஆட்களின் அடுப்படிக் குசினிகளைத்தான். கூர் நகரில் ஒரு குசினி, வழியில் வேறொரு குசினி, தூசிஸில் ஒரு ஹோட்டலின் பின்வாசலும் அங்கே அடுக்கியிருந்த வெங்காயச் சாக்குகளும். சுவிஸின் கோயில்களைப் பற்றி என்னிடம் கேட்டால் பூட்டிய கதவுகளைப் பற்றி மட்டும்தான் சொல்லமுடியும். எந்த வீட்டுத் தேத்தண்ணியில் இஞ்சி கூட, எந்த வீட்டில் பால்மா கட்டிபட்டுக் கிடக்கும் என்று கேளுங்கள், விடியும்வரை சொல்லுவேன்.

ஓல்டனில் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் அவர் இருந்தார். பெரிய சாமான் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. மெலிந்த ஆள். என்ன வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார். மலைக்குப் போகும்போதும் கறுப்புச் சப்பாத்துத்தான். ஒவ்வொரு கோடையிலும் ஒரு சனிக்கிழமை வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்துத் தமிழ்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுவார். போகிற இடங்களின் பெயரெல்லாம் முன்கூட்டியே போனில் வரும். வாசித்தால் வாய் ஊறும். பேராலயம், மடாலயம், நூதனசாலை, மறுபடி தேவாலயம். நான் முதல் முறை அதை நம்பித்தான் ஏறினேன்.

வான் பெருந்தெருவில் ஏறி ஒரு மணித்தியாலம் போகாது, ஆரம்பித்துவிடுவார். "உங்கை பக்கத்திலை எங்கடை ஆள் ஒருத்தர் இருக்கிறார். போற வழிதானே. ஒரு எட்டு எட்டிப் பார்த்திட்டுப் போவம்." அவருடைய கணக்கில் இந்த நாட்டில் வழியில் இல்லாத இடமே கிடையாது. தெரிந்த ஆட்கள் முடிந்தால் தெரியாத ஆட்களைக் கண்டுபிடிப்பார். ஏதாவது ஊருக்குள்ளே மெதுவாக ஓடிக்கொண்டு மாடிகளை அண்ணாந்து பார்ப்பார். பல்கனியில் கறிவேப்பிலைச் சாடி கண்ணில் பட்டால் போச்சு. வான் நிற்கும், மணி அடிக்கும், மேலே ஒரு பயந்த முகம் எட்டிப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் நாங்கள் எல்லாரும் அந்த வீட்டு விறாந்தையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நிற்போம்.

அவருடைய மனைவி முன் சீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பா. ஒருமுறை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா: "இவரோடை கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டால், அந்தச் சோடிக்குப் பிறந்த பிள்ளையின்ரை முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குத்தான் போய்ச் சேருவம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்கும் போகத்தானே வேணும்" என்றார்.

நான் ஏன் இதற்கெல்லாம் எடுபட்டேன் என்றால், எனக்கு ஒரு யானை பார்க்க வேண்டியிருந்தது.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற அறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ஒரு மாதத்துக்கு வந்த படத்தில் சதுரப் பலகை ஒன்று, அதில் யானை. முன்பக்கம் தும்பிக்கை எல்லாம் சரி. பின்பக்கம் மீன் வால். வரைந்தவன் பிறந்ததுக்கு யானையைக் கண்டிருக்கமாட்டான். ஆரோ சொல்லக் கேட்டு, தன் பாட்டில் வரைந்திருக்கிறான். காது இரண்டும் வாடின வெற்றிலை மாதிரி. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கூருக்கு அப்பால், பள்ளத்தாக்குக்கு உள்ளே ஒரு சின்னத் தேவாலயம். பல நூறு வருசம் பழசு. கூரையின் உட்புறம் முழுக்க இப்படியான பலகைகள், நூற்றுக்கும் மேலே. கழுத்து நோகாமல் பார்க்க வாசலில் கைக்கண்ணாடி கொடுப்பார்களாம்.

மாதம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எனக்குத் தெரிந்தது அடுத்தவர்களின் படுக்கை விரிப்பும், கடையும், மகளின் பள்ளிக்கூடமும்தான். ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று எனக்கென்று ஆசைப்பட்டது அந்த யானை மட்டும்தான். தனியாக ரயில் ஏறிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போகலாம்தான். ஆனால் வேலைக்கும் நல்லது கெட்டதுக்கும் தவிர எங்கேயும் தனியாகப் போய்ப் பழகாதவள் நான். யானைப் படம் பார்க்க மலைக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்கே விசர்த்தனமாக இருந்தது. என் கணவருக்குச் சனிக்கிழமைதான் ரெஸ்டோரண்டில் கூடுதல் வேலை. மகள் சூரிச்சில், "அடுத்த மாதம் பாப்பம் அம்மா" என்கிற உத்தியோகத்தில் இருந்தாள். அவரின் வான் இருந்தது. ஏறினேன்.

முதல் வருசம் கூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு நூதனசாலை, பழம்பொருள் வைத்திருக்கிற இடம். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்ததாக என் தேவாலயம் என்று ஏற்பாடு. கோட்டுகளை வாங்கி வைக்கிற மேசையில் ஒரு தமிழ்ப் பெட்டை நின்றாள். நான் அப்போதே மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"தங்கச்சி, ஊரிலை எவடம்?"

"நான் இஞ்சைதான் பிறந்தனான். அப்பா ஆக்கள் சாவகச்சேரிப் பக்கம்."

அப்பாவின் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள்.

"அட, உங்கடை பெரியப்பாவும் நானும் ஒண்டாப் படிச்சனாங்கள்."

"எனக்குப் பெரியப்பா இல்லையே."

"அப்ப சித்தப்பாவா இருக்கும்."

அவளுக்குச் சித்தப்பாவும் இல்லை. மனுசன் விடவில்லை. தாய் வழிக்குப் போனார். கடைசியில் தாயின் மாமன் மகளைக் கட்டிய ஆளின் தம்பி, எங்கள் ஆளின் களஞ்சியத்தில் முன்பு வேலை செய்தவர் என்று வந்து முடிந்தது. அந்தச் சந்தோசத்தில் அவள் தாய்க்குப் போன் எடுக்க, தாய் கையோடு வீட்டுக்கு வரச் சொல்ல, நாங்கள் நூதனசாலையில் கண்டது கோட்டு மாட்டுகிற கொளுக்கிகளைத்தான். அன்று இரவு ஓல்டனில் இறங்கும்போது "அந்தத் தேவாலயத்துக் கூரை அடுத்த முறை தங்கச்சி, அது ஓடாது" என்றார். நானும் சிரித்தேன். முதல் முறை ஆட்கள் சிரிப்பார்கள்.

அடுத்த வருசம் ஏறமுன்னமே சொல்லிப்போட்டேன். "அண்ணை, முதல்லை அந்தத் தேவாலயம். பேந்து நீங்கள் எங்கை வேணுமெண்டாலும் போங்கோ. நான் வானுக்குள்ளை கிடக்கிறன்."

"ஓமோம். நேரை அங்கைதான்."

கூர் நகரை நிற்காமல் தாண்டினோம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புளுகம். தூசிஸுக்குள் வான் திரும்பியபோது பெற்றோல் அடிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வாசலில் ஒரு தனிக்கட்டை மனுசன் தோளில் துவாயோடு சிரித்துக்கொண்டு நின்றார். அந்த ஹோட்டலில் சமையல் வேலை, மாடியில் ஒரே ஒரு அறை. எங்களுக்காக லீவு எடுத்து, ஹோட்டலில் கதிரைகள் இரவல் வாங்கி நடைபாதையில் வரிசையாகப் போட்டு, ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் கத்தரிக்காய் வெள்ளைக் கறியும் சமைத்து வைத்திருந்தார். அப்படியென்றால் எங்கள் ஆள் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். என்னிடம் "நேரை அங்கைதான்" என்று சொல்லும்போதே கறி கொதித்திருக்கிறது.

அந்தச் சமையல்காரர் ஒவ்வொருவரின் சோற்றுக் கோப்பையையும் பார்த்துப் பார்த்துப் போட்டார். "நாலு மாதத்துக்குப் பிறகு ஆக்களோடை இருந்து சாப்பிடுறன்" என்றார். பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நானும் பாவம்தானே? சாப்பாடு முடிந்து தேத்தண்ணி, தேத்தண்ணி முடிந்து ஊர்க்கதை, ஊர்க்கதையில் ஒருவர் அழ, அவரைத் தேற்ற இன்னொரு தேத்தண்ணி. பள்ளத்தாக்குக்குள் போய்ச் சேர்ந்தபோது தேவாலயம் பூட்டியிருந்தது.

நான் திறப்பு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டுத்தான். பிறகு திரும்பி அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ?"

"மனுசன் ஆசையாச் சமைச்சு வைச்சிருக்கிறான் தங்கச்சி. எப்பிடி விட்டிட்டு வாறது?"

"அவர் ஏன் சமைச்சவர்? நீங்கள் சொன்னபடியால்தானே."

"சொல்லாட்டி எப்பிடித் தங்கச்சி சமைப்பான்?"

திரும்பி வரும்போது எனக்கு வேறொரு யோசனை போனது. இந்த மனுசன் அகதியாக வந்த புதிதில் ஏதாவது ஒரு மலை ஊரில் தனியாகக் கிடந்திருப்பார், ஒரு தமிழ்ச் சனமும் கதவு தட்டியிருக்காது, அதுதான் இப்படி ஊர் ஊராகத் தட்டுகிறார் என்று நானே ஒரு காரணத்தைச் சோடித்துக்கொண்டேன். காரணம் ஒன்று கிடைத்தால் கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். கேட்டேன்.

"சீச்சீ" என்றார். "வந்த நாள் தொட்டு நான் ஓல்டன்தான். எந்த நேரமும் வீடு முட்ட ஆக்கள். எனக்குச் சும்மா ஆக்களோடை இருந்து தேத்தண்ணி குடிக்க விருப்பம், அவ்வளவுதான்."

முன் சீட்டில் மனைவியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாவா அழுகிறாவா என்று தெரியவில்லை.

அந்த மாரிக் குளிர்காலத்தில் எனக்குக் கண் போகத் தொடங்கியது. நடுப்பார்வைதான் போகும், ஓரம் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டுப் பார்த்தார்கள். நேரே நிற்கிற ஆளின் இரண்டு காதும் தெரியும், முகம் இருக்காது. வேலையில் கறை போகாத விரிப்பை மடித்துக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டேன் என்று ஒருநாள் பொறுப்பாளர் வந்து மெதுவாகச் சொன்னா. அதோடு வேலையும் போச்சு. மகள் அந்தத் தேவாலயத்துப் படங்களை எல்லாம் எங்கேயோ தேடி எடுத்துப் போனில் அனுப்பி, "பெரிசாக்கிப் பாருங்கோ அம்மா" என்றாள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கண்ணுக்கு நடுவே நின்ற கறையும் பெரிதான மாதிரி இருந்தது. சுவரில் தொங்கிய காலத்தில் அந்த யானையை நன்றாகப் பார்த்து வைத்திருக்கலாமே, நேரில் பார்ப்பேன்தானே என்று இருந்துவிட்டேனே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு வருசம், இரண்டு முறை, இரண்டும் தேத்தண்ணியில் போச்சு.

மூன்றாம் வருசம் கோடை வந்தபோது நான் பெயர் கொடுக்கவில்லை. ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்து மணியடித்தார். வேறென்ன, போகிற வழிதானே. தேத்தண்ணி வைத்தேன். கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டேன். அவர் துணி எடுத்து மேசையைத் துடைத்தார்.

"எவ்வளவு காலமாத் தங்கச்சி?"

"உங்கடை ஆட்டிறைச்சிக் கறிக்குப் பிறகு."

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "இந்த முறை ஒரு இடமும் நிக்கமாட்டன்" என்றார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழும்பியதை நான் அன்றுதான் கண்டேன்.

சொன்னபடியே செய்தார். அது அவர்பட்ட பாடு. போன் அடிக்க அடிக்க மனைவியிடம் கொடுத்தார். "இல்லையாம், இண்டைக்கு இல்லையாம்" என்று அவ ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு வந்தா. பின்னால் இருந்த சனத்துக்குக் கோபம். போன வருசம் நேரம் போகுது என்று முணுமுணுத்த அதே ஆட்கள், "என்ன அண்ணை, ஒரு வாய் தேத்தண்ணியும் இல்லையோ? மனுசர்தானே நாங்கள்" என்றார்கள். தூசிஸில் வட்டச் சந்திக்குப் பக்கத்தில் அந்தச் சமையல்காரர் தேத்தண்ணி நிரப்பின சுடுதண்ணிப் போத்தலோடு நின்றாராம். வான் மெதுவானது. கண்ணாடி இறங்கியது. போத்தல் உள்ளே வந்தது. "வாறன் தம்பி, பேந்து வாறன்" என்று அவர் சொன்ன குரல் செத்த வீட்டுக் குரலாக இருந்தது. நிற்கவில்லை.

பின்னேரம் ஆகமுன்னமே போய்ச் சேர்ந்துவிட்டோம். கதவு திறந்திருந்தது. கையில் கண்ணாடியைத் தந்தார்கள். நெஞ்சுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்த்தேன். மண்ணிறமாக ஒரு கலங்கல். சுற்றிவர ஓரத்தில் சதுரங்களின் விளிம்புகள் தெரிந்தன. உள்ளே என்ன என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கிட்ட எடுத்தேன், எட்டப் பிடித்தேன், சரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு மர வாங்கில் குந்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன்.

அவர் வந்து பக்கத்தில் இருந்தார். அத்தனை வருசமும் எந்தத் தேவாலயத்துக்குள்ளும் அண்ணாந்து பார்த்திராத மனுசன், என் கண்ணாடியை வாங்கி மடியில் வைத்தார்.

"மூலையிலையிருந்து வாறன்" என்றார். "ஒருத்தன் குதிரையிலை போறான். முடி வைச்சிருக்கிறான், ராசாபோலை. ஆனால் முன்னுக்குப் பார்க்கேல்லை, திரும்பிப் பின்னாலை பார்க்கிறான். பின்னாலை வாறவன் பிந்திப்போனான் எண்டு ஏசிறான்."

"ஏசிறான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"விரலை நீட்டிறான் தங்கச்சி. பின்னாலை வாறவன்ரை குதிரைக்குக் கால் சரியில்லை. அதுதான் பிந்தினது. அவனிலை பிழையில்லை. பொறு, அவன்ரை மடியிலை ஏதோ கிடக்கு. பெட்டி. கொண்டுபோய்க் குடுக்கிற சாமான். கவிண்டு போகாமல் ஒரு கையாலைதான் குதிரையைப் பிடிக்கிறான்."

எனக்குத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெட்டியும், கடிவாளத்தைப் பிடித்த ஒற்றைக் கையும் எனக்கு அப்படியே தெரிந்தன. அழுகை நின்றுவிட்டது. அடுத்த பலகைக்குப் போனார். ஒரு கிழவர் தலைக்குக் கை வைத்துப் படுத்திருக்கிறாராம். நித்திரை இல்லையாம், ஏதோ குடும்பப் பிரச்சினையாம், மேலே ஒரு தேவதூதர் வந்து காதுக்குள் ஆறுதல் சொல்கிறாராம், கிழவர் கேட்கிறமாதிரித் தெரியவில்லையாம். ஒருத்தி குடத்தோடு நிற்கிறாளாம், ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறதாம், குடத்தில் தண்ணி இருக்கு என்றார். ஒவ்வொரு ஆளிடமும் போய்க் குந்திவிட்டார். எழும்புகிற எண்ணமே இல்லை.

"அண்ணை, யானையைத் தேடுங்கோ. ஓரத்திலை எங்கையோ இருக்கும்."

"வருவம். வரிசையாத்தானே வாறன். இந்த மனுசியை இப்பிடி நடு வழியிலை விட்டிட்டுப் போகேலாது."

"அண்ணை, நேரம் போகுது."

"இஞ்சை பார், இவளின்ரை சீலைக் கரையிலை சேறு. எங்கையோ தூரத்திலையிருந்து வாறாள்."

எனக்கு எரிச்சல் ஒரு பக்கம். அவர் நிறுத்தினால் அடுத்ததைச் சொல்லமாட்டாரே என்ற பயம் இன்னொரு பக்கம். கெதியாச் சொல்லுங்கோ என்று ஏசவும் செய்தேன், பிறகு அந்தச் சேறு எந்தப் பக்கம் என்று கேட்கவும் செய்தேன். மற்றச் சனம் பார்த்து முடித்து வெளியே போய்ச் சமையல்காரரின் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டது. மூன்றாவது வரிசைப் பலகையில் ஒரு மீன்பிடிகாரன் வலையை உதறிக்கொண்டிருந்தபோது, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் வந்து சாத்தப்போகிறோம் என்று பணிவாகச் சொன்னா. கண்ணாடியைத் திருப்பி வாங்கினா.

நான் கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டேன். "மூண்டு வருசமா உங்களாலை நான் ஒரு யானையைப் பார்க்கேல்லை."

"மிச்சத்தை வாற வருசம் அந்த மீன்காரனிலையிருந்து துவங்குவம்" என்றார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

வாற வருசம் வரமுன் மாரடைப்பில் போய்விட்டார். வேலையிடத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. செத்த வீட்டுக்கு எந்தெந்தப் பள்ளத்தாக்குகளில் இருந்தோ சனம் வந்தது. ஒருவரும் நேரத்துக்கு எழும்பவில்லை. மண்டபத்துக்காரன் வந்து லைற்றை அணைத்து அணைத்துப் போடவேண்டியிருந்தது.

அடுத்த கோடையில் மகள் ஒரு நாள் லீவு எடுத்துக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். எங்கும் நிற்கவில்லை. தேவாலயம் திறக்கும்போதே வாசலில் நின்றோம். வாசலில் விற்கிற விளக்கப் புத்தகத்தை வாங்கி, என்னை அதே பக்கத்து வாங்கில் இருத்திவிட்டு வாசித்தாள். பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. நல்ல தெளிவான குரல். முதல் வரிசை மூன்று அரசர்கள், அடுத்தது சூசையப்பரின் கனவு, அடுத்தது கிணற்றடியில் பெண், அடுத்தது மீனவர்கள்.

"ஆ, உங்கடை யானை இஞ்சை கிடக்கு அம்மா. ஓரத்திலை."

"என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. நிக்குது."

"எங்கை பார்க்குது?"

"இடப்பக்கம்."

"அங்கை ஆர் நிக்கினம்?"

"அது வேறை படம் அம்மா. அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை."

நான் கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன். மண்ணிறக் கலங்கல். யானை இருந்த இடத்திலும் அதுதான் இருந்தது. மகள் கடைசி வரிசைவரை ஒன்றையும் விடாமல் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடினாள்.

"முடிஞ்சுது அம்மா, போவமா?" என்றாள்.

சாத்துவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.